ஆபீசர் வாராரு, சேதத்தைக் கூட்டித் தள்ளு!

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. போன வாரம் ஒரு சாயங்காலம், ஆனைமலைக்குப் பக்கத்தில் என் சின்னம்மா ஊரில் ஒரு சுழல்காற்று கிளம்பியது. டி.வி.க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருமளவுக்குப் பெரிய காற்று அல்ல.

2. ஆனால், சின்னம்மாவின் குத்தகைத் தோட்டத்தில் தார் முற்றக் காத்திருந்த வாழையை முழுக்கச் சாய்த்தது. வரப்பில் நின்ற தென்னையை வேரோடு தள்ளியது. மாட்டுக் கொட்டகைத் தகரத்தைக் கழற்றி வீசியது.

3. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு முறிந்தது ஒரே ஒரு முருங்கை மரம்.

4. நிவாரணம் கொடுப்பதற்காகச் சேதத்தைப் பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

5. உடனே சொந்தபந்தம் கூடி, சேதம் இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டது.

ஐந்தாவதை இன்னொரு முறை படியுங்கள்.

இடிந்த, விரிசல் விட்ட கட்டடங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அதனால் லீவு போட்டு, டேப்பும் கேமராவுமாகப் பீளமேட்டிலிருந்து போய் இறங்கினேன். வாசலில் கோலம். தோட்டத்தில்... புதிதாக உழுத மண்!

“சின்னம்மா, விழுந்த வாழையெல்லாம் எங்கே?”

“ஆபீசர் வாராருல்ல கண்ணு! காடு அலங்கோலமாக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? உங்க மாமன் டிராக்டர் உட்டு ஓட்டிப்போட்டாரு. வாழையெல்லாம் மாட்டுக்குப் போயிருச்சு.”

“தகரம்?”

“அது அன்னைக்கே மாட்டிப்போட்டோம்.” குரலில் பெருமை வேறு.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் ஆய்வு அதிகாரி வந்தாலும் ஒரே ஏற்பாடுதான். அடுத்த நடவுக்குச் சின்னம்மா நம்பியிருந்ததே இந்த நிவாரணத்தைத்தான். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

போட்டோவாவது எடுத்தார்களா? எடுத்தார்கள். எல்லாவற்றிலும் மாமா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அதிகாரி வந்தார்.

“வாங்க சார், மொதல்ல எளநி குடிங்க!”

குடித்தார். இன்னொன்றும் குடித்தார். பிறகு தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு. ரசம் பிரமாதம் என்றார். கை கழுவிவிட்டு வரப்பில் போய் நின்று கேட்டார்: “சேதம் எங்கம்மா?”

சின்னம்மா பதறிவிட்டார். “நீங்க குடிச்ச எளநி, சாஞ்ச தென்னையில எறக்குனதுங்க சார். சாப்பிட்ட எலை கூட விழுந்த வாழையில அறுத்து வெச்சதுதானுங்க!”

“அதை எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதறது?”

நான் போட்டோவை நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இதுல வாழை எங்க?”

“மாமாவுக்குப் பின்னாடி இருக்குங்க சார்.”

“கொஞ்சம் நகந்து நிக்கச் சொல்லியிருக்கலாமே அம்மணி!”

முருங்கைக்காரர் விவரமானவர். மரத்தை வழியின் குறுக்கே கிடந்தபடியே விட்டிருந்தார். அகற்ற வந்தவர்களையும், “யாரும் தொடாதீங்க, ஆபீசர் பாக்கட்டும்” என்று விரட்டியிருக்கிறார். அவர் வீட்டில் அதிகாரிக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதிகாரி முருங்கையை நீளவாக்கில் அளந்து எழுதிக்கொண்டு போனார்.

தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தால்தான் இங்கே கஷ்டத்தை நம்புவார்கள். தலைவாரி, பூ வைத்து, சாப்பாடும் போட்டால்? உங்களுக்கென்னம்மா குறை என்றுதானே கேட்பார்கள்!

இன்றைய நிலவரம் இதுதான். முருங்கைக்காரரின் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏறிவிட்டது. சின்னம்மாவுக்காக மறு ஆய்வு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். காட்டுவதற்கு மிச்சமிருப்பது தென்னையின் அடிக்கட்டை மட்டும். வேரோடு கிடக்கிறது, டிராக்டராலும் இழுக்க முடியவில்லையாம். அதிகாரி வந்த அன்று அதையும் வைக்கோல் போட்டு மூடி மறைத்திருந்தார்கள். அதையாவது அப்படியே விட்டுவையுங்கள் என்று போன் செய்தேன்.

“சரி கண்ணு, தொட மாட்டேன். சுத்தியும் மட்டும் கூட்டி உட்டுடறேன்” என்கிறார்.