காசு போகாத செலவு

அலுவலகத்தில் அவளைத் தசமக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதால் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவர்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் சின்ன நிறுவனம் அது. டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. கீழே சக்கரம் கழற்றும் இரைச்சல் கிளம்பினால், மேலே போன் பேசுகிறவர்கள் ஒரு காதைப் பொத்திக்கொள்வார்கள்.

தொடங்கிய நாளிலிருந்து கணக்கு அவள் கையில்தான். முதலாளி அவளைவிடப் பத்து வயது இளையவன். நாலு பேர் முன்னால் அவனை ‘சார்’ என்பாள், தனியாக இருந்தால் ‘தம்பி’.

வெளியிலிருந்து முதலீடு போட ஆட்கள் வருவதாக இருந்த சமயம். வருடம் முடிய இன்னும் சில வாரம் இருந்தது; அதுவரைக்குமான கணக்கைக் கையில் சுருட்டிக்கொண்டு முதலாளி அவள் அறைக்குள் வந்தான்.

“அக்கா, இந்த வருஷம் லாபம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இதுல நஷ்டம்னு நிக்குதே?”

“ஸ்டாக் ஆப்ஷன் செலவு, தம்பி.”

“ஒத்தைக் காசு வெளிய போகலையே! அது எப்படிச் செலவாகும்?”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “சித்தப்பாவையே எடுத்துக்குங்க. கையில பணம் இல்லாதப்ப அவருக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தோம். மீதிக்கு என்ன சொன்னோம்? நாலு வருஷம் எங்களோட இருங்க, அப்புறம் பங்கு விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் இன்னைய விலைக்கே வாங்கிக்கலாம்னு சொன்னோம். அந்த வாக்குக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல? அதுக்காகத்தானே அவர் உழைக்கிறார்? அந்த மதிப்பை நாலு வருஷத்துக்கும் பிரிச்சுச் செலவு எழுதறோம்.”

“சரி, ஆப்ஷனையே ரத்து பண்ணிட்டா?”

“இன்னும் மோசம். எழுதாம மிச்சம் இருக்கிறது மொத்தமும் இந்த வருஷமே தலையில வந்து உட்காரும்.”

அவன் சிரித்துவிட்டான். “யாராவது நடுவுல வேலைய விட்டுப் போனா?”

“அவங்க பேர்ல இதுவரைக்கும் எழுதின செலவு திரும்பிடும்.”

“நாமளே அனுப்பினாலும்?”

“அனுப்பினாலும் அப்படித்தான்.”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. சித்தப்பா ஒருவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டால் போதும், அவர் பேரில் எழுதிய செலவெல்லாம் கழிந்து நஷ்டம் லாபமாகிவிடும். அவருக்கோ நாலு வருடம் முடிய இரண்டே மாதம்தான் பாக்கி.

அவர் யாருக்கும் சொந்தச் சித்தப்பா இல்லை. வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்கும் பெரியவர். எவ்வளவு எரிச்சலோடு ஒரு மருத்துவர் கூப்பிட்டாலும், வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிக் கோபத்தை ஆற்றிவிடுவார். அன்று மத்தியானமும் யாரிடமோ, “கம்ப்யூட்டர் மேல கோவிச்சுக்காதீங்க டாக்டர், அதுக்கும் பல் வலிக்குதோ என்னவோ,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

“கேட்டதுக்கு நீ பதில் சொன்ன. உன் மேல என்ன தப்பு?”

“லிஃப்ட் கயிறை எந்த இடத்துல அறுக்கலாம்னு ஒருத்தர் கேட்டா, நீங்க சொல்லிடுவீங்களா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “எதுக்குன்னு கேப்பேன்.”

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினான். “அக்கா, சித்தப்பா இல்லாம கணக்கு எப்படி வருதுன்னு ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”

“எதுக்கு, சார்?”

அறையில் வேறு யாரும் இல்லை. அந்தச் ‘சார்’ அவனைச் சுட்டது.

“ரெண்டு மாசச் சம்பளம் கூடவே கொடுத்து அனுப்பலாம்னு... அவர் மேல கோபமெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

“அவர் போனா எப்படி எழுதணுமோ அப்படியே எழுதுவேன். அதுல மறுப்பில்ல. ஏன் செலவு திரும்பிச்சுன்னு குறிப்பும் எழுதுவேன், பணம் போட வர்றவங்க படிப்பாங்க. ஆனா அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது நீங்க. அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.” குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள்.

அவன் கணக்குத் தாளைப் பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்தான்.

“நஷ்டம்னு பார்த்துட்டு அவங்க பணம் போடலேன்னா?”

“போடாமலும் போகலாம். காசு போகாத செலவு இதுல எவ்வளவுன்னு தனியா ஒரு பக்கம் போட்டுத் தரேன். மறைக்காம எடுத்து வைங்க.”

“போடுங்க. சித்தப்பா இருக்கட்டும்,” என்றான், அவளை நிமிர்ந்து பார்க்காமலே.

வந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்தார்கள், துருவித் துருவிக் கேட்டார்கள், கடைசியில் எதிர்பார்த்ததில் பாதிதான் போட்டார்கள். அந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று அவளும் கணவரும் போட்டிருந்த திட்டம் தள்ளிப்போனது. முதலாளி சில வாரம் அவள் அறைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள், வழக்கம்போல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து வரி பற்றி ஏதோ கேட்டான். அவளும் வழக்கம்போல் பதில் சொன்னாள்.

சித்தப்பாவுக்கு நாலு வருடம் முடிந்தது. முடிந்த அளவுக்குப் பங்கு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப இதுக்கு என்னம்மா மதிப்பு?”

“வாங்க ஆள் வந்தாத்தான் தெரியும், சித்தப்பா.”

“அப்போ நான் பணக்காரனா இல்லையான்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லு!” வயிறு குலுங்கச் சிரித்தார்.

நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தோன்றியது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கே போய் எதிரில் உட்கார்ந்தாள். அவர் தன் பொருள்களை ஓரமாகத் தள்ளி அவளுக்கு இடம் பண்ணிக்கொடுத்தார்.