செங்கல் தூளும் கப் ஐஸ்கிரீமும்

செங்கல் தூளைப் பல்லில் வைத்துத் தேய்க்கும்போது காதுக்குள் கேட்கும் அந்த 'நறநற' சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சேரப்பணஞ்சேரி வீட்டில் அம்மா, பக்கத்துச் செங்கல் சூளையில் பொறுக்கி வந்த உடைந்த செங்கல்லை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, பித்தளைக் குடத்துக்கு ஒரு டப்பா, எங்கள் பல்லுக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைப்பாள். குடமும் மின்னியது, என் பல்லும் மின்னியது. ஆனால் குடத்துக்குக் கூசாது.

1991-இல் எனக்கு ஒன்பது வயது. படப்பையில் நடக்கவிருந்த சித்தப்பா கல்யாணத்தில், பந்தியில் ஆளுக்கொரு கப் ஐஸ்கிரீம் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பானைத் தண்ணீர் பட்டாலே பல்லில் தொடங்கி காதுவரை 'விண்'ணென்று இழுக்கும் எனக்கு, ஐஸ்கிரீம் எப்படி உள்ளே இறங்கும்? கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"கூசுதுன்னா அழுக்கு போவலன்னு அர்த்தம், நல்லா அழுத்தித் தேய்டி" என்றாள் அம்மா. மறைமலை நகர் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, ஷிஃப்டில் யாரோ சொன்னார்கள் என்று வாய் கொப்பளிக்கும் சிவப்பு மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். ஒரு மடக்கு வாயில் ஊற்றியதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றவர், தானும் ஒரு மடக்கு ஊற்றிப் பார்த்துவிட்டு, நேராகக் கிணற்றடிக்கு ஓடினார்.

அதன் பிறகுதான் தாம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். எதில் பல் துலக்குகிறீர்கள் என்று பல் டாக்டரம்மா கேட்டதும், அம்மா பெருமையாகப் பையிலிருந்து டப்பாவையே எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இத குடத்துக்கே வெச்சிக்கோங்கம்மா" என்றார். மெத்தென்ற பிரஷ், கூச்சத்துக்கென்று ஒரு பேஸ்ட், எரிகிற மருந்து கூடவே கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குக் கோபம், வழியெல்லாம் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் மறுநாளிலிருந்து, குழந்தைக்குப் பால் ஆற்றுகிற பக்குவத்தோடு விரலை விட்டுச் சூடு பார்த்துத்தான் எனக்கு டம்ளரைக் கொடுத்தாள். அவள் மட்டும் டப்பாவை விடவில்லை.

கல்யாணத்துக்கு அம்மா பிளாஸ்க்கில் உப்புத்தண்ணீரோடு வந்திருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் கரண்டியை வாயில் வைத்தேன். இழுக்கவில்லை. இனிப்பு மட்டும் கரைந்து இறங்கியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். வலிக்கிறதென்று நினைத்து அம்மா பிளாஸ்க்கோடு ஓடி வந்து, "துப்புடி, துப்பு" என்றாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு முழுங்கினேன். பந்தியே சிரித்தது. கடைசியில் அம்மா தன் கப்பையும் என் பக்கம் தள்ளி, "எனுக்கு ஐஸ் புடிக்காது" என்றாள். நானும் நம்பினேன்.

இப்போது அந்தச் செங்கல் சூளை இருந்த இடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. டப்பா இல்லை. அம்மாவின் பற்களும் இல்லை. போன வாரம் என் மகள் பிறந்தநாளில், அம்மா பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாவது கப் ஐஸ்கிரீமை வழித்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்குத்தான் ஐஸ் புடிக்காதேம்மா?"

"யாரு சொன்னா? அப்பல்லாம் கூசிச்சு, அவ்ளோதான்" என்றாள், கரண்டியை நக்கியபடி.

என் கப்பை அவள் பக்கம் தள்ளினேன்.