மிஷினில் தங்கிய மாவு

அப்பாவின் மாவு மில்லில் பெண்கள் காவல் நிற்கமாட்டார்கள். இதை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பழங்காநத்தத்தில் தொண்ணூறுகளில் இருந்த மற்ற மில்களில், மிளகாய் வற்றலைக் கொடுத்துவிட்டு, நெடியில் தும்மிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய மிஷினுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். கண் அந்தப்பக்கம் போனால் ஒரு கை மாவு இந்தப்பக்கம் போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் மில்லில் மட்டும் டின்னை வரிசையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது அரைத்த மாவு சூடு ஆறிக் காத்திருக்கும்.

மிஷின் வாயில் நீளமாக ஒரு துணிக்குழாய் தொங்கும். அரைத்து முடிந்ததும் அதில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டு நிற்கும், தட்டினால்தான் விழும். பல மில்காரர்கள் தட்டமாட்டார்கள். அந்த மாவு அவர்களுக்கு மேல்வரும்படி. அப்பா ஒவ்வொரு டின்னுக்கும் அந்தத் துணியைத் தட்டோ தட்டென்று தட்டுவார். "மாவு தட்டுறாரா, பிசாசு ஓட்டுறாரான்னே தெரியல" என்று அம்மா கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு ஆலயத்தில் பாடுவது எல்லோரும் செய்வதுதான், திங்கட்கிழமை துணியைத் தட்டுவதில்தான் விசுவாசம் தெரியும் என்பது அப்பாவின் கட்சி.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச மாதங்களுக்குக் கனம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் சாவி சித்தப்பாவின் கைக்குப் போனது. சித்தப்பா அப்பாவின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவர், ஆனால் ஜெபிக்க எழுந்தால் லேசில் உட்காரமாட்டார். அதற்கு முன் வேலைக்கு வந்த ஆட்களையெல்லாம் அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துப் பழக்கியவர். சித்தப்பாவை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவன், அதிலும் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவன், அவனைப் போய்ச் சந்தேகத்தோடு பார்ப்பதா என்று விட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு. ஸ்தோத்திரம் சொல்கிறவனைக் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவோம்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கை ஆலயத்தில் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். வயல் இல்லாத எங்கள் வீட்டிலிருந்து வழக்கமாக ஒரு பூசணிக்காய் போகும். அன்றைக்குச் சித்தப்பா பெரிய டின் நிறைய மசாலாப் பொடியைத் தூக்கிவந்து முன்னால் வைத்தார். சபையே கைதட்டியது. போதகர் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடமெல்லாம் "எங்க சித்தப்பா, எங்க சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் அப்பா சித்தப்பாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இம்புட்டுப் பொடி ஏதுடா?"

சித்தப்பா ஒளிக்கவே இல்லை. "எல்லாம் மிஷின்ல தங்குனதுதாண்ணே. சேத்து வச்சேன். ஆளுக்கு ஒரு கை போனா யாருக்குத் தெரியப்போகுது? நாமளா தின்னுட்டோம்? ஆண்டவருக்குத்தானே குடுத்தோம்."

அப்பா மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். உள்ளே ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மல்லியும் மிளகாயும் மஞ்சளும் சேர்ந்த அந்தப் பொடியை யாரோ போட்டி போட்டு எடுத்தார்கள். அவர்கள் வீட்டுக் குழம்பில் பழங்காநத்தமே மணத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் மன்றாடினாள். "யாருக்குமே தெரியாதுல்ல. ஆண்டவர்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேளுங்க, அது போதும்."

"ஆண்டவரு நம்ம மில்லுக்கு மாவு திரிக்க வரலையே. வந்தவுககிட்டத்தான் கேக்கணும்."

"அப்ப தம்பி செஞ்சதுன்னாவது சொல்லுங்க."

"மில்லு என் பேருல இருக்கு."

மறுநாள் அப்பா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானே மில்லைத் திறந்தார். அம்மாவோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். தெற்குத் தெருவிலிருந்து ஒரு சௌராஷ்டிரா அம்மா வந்திருந்தார். அப்பா மில் வைத்த நாளிலிருந்து வருகிறவர். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு அவர் முன்னால் கைகட்டி நின்றார். "கொஞ்ச மாசமா ஒங்க மாவுல ஒவ்வொரு கை எங்க மில்லுலயே நின்னுபோச்சும்மா. நான் பாக்காம விட்ட தப்பு. மன்னிச்சுக்கிருங்க."

அந்த அம்மா டின்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அதனால என்னண்ணே. இந்தக் காலத்துல யாரு இப்புடி வந்து சொல்றா? ஒங்க மேல மதிப்பு கூடித்தான் போச்சு."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தார். டின்னை வைத்தார். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா துணியைத் தட்டினார். அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு எல்லோருமே நின்றார்கள். நின்றுதான் ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குப் பக்கத்து மில்லிலேயே நிற்கலாமே? ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். ஒருவர்கூட அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். தெருவில் பார்த்தால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, கையிலிருக்கும் டின்னை மறுபக்கம் மாற்றிக்கொண்டு போனார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. சித்தப்பா அடுத்த தேர்தலில் சபைக் கமிட்டிக்கு வந்தார். அவர் பெயரை அப்பா கடைசிவரை எவரிடமும் சொல்லவில்லை. உண்மை பேசுகிறவனுக்குக் கர்த்தர் துணை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இந்த வயதிலும் முழுசாகத் தீரவில்லை.

ஆனால் அப்போது எனக்கு அது கொண்டாட்டக் காலம். அப்பா வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துப் பசுமலையைச் சுற்றிக்காட்டுவார். கேட்ட கதையையே திரும்பக் கேட்டாலும் அலுக்காமல் சொல்வார். வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஓர் அப்பா கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு நன்றி சொல்லும் முறை என்னிடம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனதாரச் சொன்னேன். "ஆண்டவரே, எங்க அப்பா மில்லுக்கு இப்ப யாருமே வர்றதில்ல. அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம். இனிமேலும் யாரும் வராமப் பாத்துக்கிருங்க."

அம்மாவின் கை என் வாயைப் பொத்த வந்தது. அப்பா அதை மெல்ல விலக்கினார். பிறகு, "ஆமென்" என்றார்.