நேமிநாத நயினார் பார்க்காமல் போன படம்

ஒருவர் இறந்துவிட்டார் என்று கேட்டதும், துக்கம் வருவதற்கு முன்னால், 'இனி என் கணவர் சாயங்காலம் வீட்டில் சாப்பிடுவார்' என்று ஒருத்திக்குத் தோன்றினால், அவளுடைய மனது எப்படிப்பட்டது? மூன்று வாரமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் நின்று, "டீச்சர், மல்லாட்டை மண்டி நயினார் போயிட்டாராம். மூட்ட எட போட்டுகினே இருந்தாராம், மார புடிச்சிகினு ஒக்காந்தாராம். அவ்ளோதான்" என்றார். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். மேலே சொன்ன எண்ணம் அப்போது வந்ததுதான்.

நேமிநாத நயினாரைச் செஞ்சிக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் இல்லை. வேர்க்கடலை வியாபாரி, பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதைச் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஓட்டிப் போனவர், மோட்டார் சைக்கிள் வருகிற படம் எதையும் விடாதவர். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் என் கணவருக்கு ஒன்பது வருஷமாக ஒரே நண்பர். வாசகசாலைக்காரர்கள் இந்த அஞ்சலியை முதலில் என் கணவரிடம்தான் கேட்டார்கள். அவர், "எனக்கு எழுத வராது, அவள கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால் நயினாரைக் குறைவாக நேசித்த நான் எழுதுகிறேன்.

துக்க வீட்டில் நயினாரின் மனைவி சாந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகைக்கு நடுவில், "டீச்சர், ஒங்க வூட்டுக்காரர் தட்டு ஒண்ணு எங்க வூட்ல இருக்குது. அவருக்குன்னே எடுத்து வெச்சது. எடுத்துகினு போறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு தட்டு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே நின்று ஒரு பித்தளைத் தட்டின் மேல் பொறாமைப்பட்டேன்.

தட்டு அங்கே போன விதத்தைச் சொல்ல வேண்டும். நயினார் வீடு சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை. டூரிங் கொட்டகையிலோ இருட்டின பிறகுதான் படம் போட முடியும். ஆகவே படம் பார்க்கப் போகிற நாளில் நயினார் ஐந்தரை மணிக்கே சாப்பிட்டு முடித்துத் தயாராகிவிடுவார். எட்டு மணிக்குச் சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்த என் கணவர் பசியோடு கொட்டகையில் உட்கார வேண்டாமே என்று அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில் படம் மாறுகிற நாட்களில் மட்டும் இது நடந்தது. பிறகு படம் இல்லாத நாட்களிலும் என் கணவருக்கு ஐந்தரைக்கே பசிக்க ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உலை வைக்கும்போது அவர் கை கழுவிவிட்டு வந்துகொண்டிருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. எட்டு மணிக்கு நான் தனியாகச் சாப்பிட்டேன். "ஒங்க வூட்டுக்காரர் எங்க மதத்துல சேந்துட்டாரு டீச்சரம்மா" என்று நயினார் ஒருநாள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பிறகு அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை.

நயினார் எந்தப் படத்தையும் அதன் பெயரால் சொல்லிக் கேட்டதில்லை. 'பாலத்துப் படம்', 'மழைப் படம்', 'சேத்துப் படம்' என்று வண்டி செய்த காரியத்தை வைத்துத்தான் சொல்வார். யார் நடித்தது, என்ன கதை என்று கேட்டால் தலையைச் சொறிவார். படம் வந்த மறுநாள் காலையில் மண்டியின் கதவுப் பலகையில் சாக்பீஸால் தீர்ப்பு எழுதிவிடுவார். 'பார்க்கலாம்.' 'வண்டிக்காகப் பார்க்கலாம்.' 'வண்டி பாவம்.' ஊரில் பாதிப்பேர் அதைப் படித்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவார்கள். கொட்டகைக்காரர் ஒருமுறை நேரில் வந்து, "நயினாரே, இந்த வாரமாச்சும் கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்று கேட்டார். நயினார், "பாத்துதான்யா எழுதறேன். நீதான் பாக்காம போடற" என்றாராம்.

அவருடைய விதிகள் சில எனக்கு மனப்பாடம், வேண்டுமென்று கற்றதல்ல. என் கணவர் வீட்டுக்கு வந்து அவற்றை ஒப்பித்துக்கொண்டே இருந்தார். "தூசி படாத வண்டி ஓடின வண்டி இல்ல." "ஓட்றவன் மூஞ்சிய பாக்காத, எடது கைய பாரு. கிளச்சு புடிக்காம கியர் மாத்தறவன் பொய் சொல்றான்." "பின்னாடி ஒக்காந்திருக்கறவங்க பயப்படறாங்களான்னு பாரு. பயப்படலன்னா வண்டி நிக்குது."

இந்த மூன்றாவது விதியைக் கேட்டபோது அவரை மடக்க நல்ல வாய்ப்பு என்று நினைத்தேன். நான் சென்னையில் படித்தவள். ஸ்டுடியோ ஒன்றைச் சுற்றிப் பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியபோது சொன்னேன்: "பாதிப் படத்தில் வண்டி நகருவதே இல்லை. பின்னால் ஒரு திரை கட்டி, அதில் ரோடு ஓடுகிற மாதிரி காட்டுவார்கள். பக்கத்தில் மின்விசிறி வைத்து முடியைப் பறக்க விடுவார்கள். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

"தெரியும் டீச்சரம்மா" என்றார். "நிக்கற வண்டில ஒக்காந்து ஓட்ற மாதிரி காட்டறதுக்கு இன்னும் தெறம வேணும். நீங்க பொண்ணுங்கள கோட்ட மலைக்கு இட்டுகினு போயி ராஜா கத சொல்றீங்களே, அங்க ராஜாவா ஒக்காந்துகினு இருக்காரு?"

என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அவர் என் பக்கம் நின்றிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

ஒருமுறை ஆங்கிலப் படம் ஒன்றின் காலைக் காட்சிக்காகப் புதுச்சேரிக்கே போனார்கள். திண்டிவனம் வழியாக அந்த வண்டியில் போய், அன்று பிற்பகலே திரும்பி வந்தார்கள். என் கணவரின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறமாகிவிட்டது. புருவத்தில்கூடப் புழுதி. "பாஷ ஒண்ணும் புரியல. ஆனா அந்த வண்டி பேசினது எல்லாம் புரிஞ்சிது" என்றார். அந்த வாக்கியம் அவருடையது இல்லை, நயினாருடையது என்று கேட்டவுடன் தெரிந்தது. எனக்கு உறுத்தியது வாக்கியம் அல்ல, அவருடைய முகம். எங்கள் கல்யாணப் புகைப்படத்தில் அந்த முகம் இல்லை. சட்டையை நான்தான் மூன்று தண்ணீரில் துவைத்தேன்.

என்னையும் கூட்டிப்போ என்று நான் கேட்டதில்லை. வருகிறாயா என்று அவரும் கேட்டதில்லை.

இனி சொல்லப்போவது நயினாரைப் பற்றியது, என்னைப் பற்றியதும்கூட. நான்கு வருஷத்துக்கு முன், அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பற்றிய படம் ஒன்று கொட்டகைக்கு வந்தது. அதில் ஓட்டுகிற ஆள் நிஜமாகவே பொருட்காட்சிக் கிணற்றில் வண்டி ஓட்டுகிறவன் என்று ஊரெல்லாம் பேச்சு. நயினார் கொள்முதலுக்காக வெளியூர் போயிருந்து, படத்தின் கடைசி நாளன்று மதியம்தான் திரும்பினார். மண்டி ஆள் கன்னியப்பனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அன்று எனக்குப் பள்ளி விடுமுறை.

"அம்மா, ஐயா ஆபீஸ்ல இருந்து வந்தா ஒடனே சாப்பாட்டுக்கு மொதலாளி வர சொன்னாரு. கெணத்துப் படம் இன்னியோட தூக்கறான். மறக்காம சொல்லிடுங்க."

"சொல்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. வரிசையில் நின்று வாங்கிய அரிசியை வடித்து, சின்ன வெங்காயம் போட்டுக் காரக்குழம்பு வைத்தேன். நயினார் வீட்டில் வெங்காயம் சேர்க்க மாட்டார்கள். என் கணவர் வந்தார், நயினார் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். எட்டு மணிக்கு என்னோடு உட்கார்ந்து இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நயினார் வீட்டில் நடந்ததைப் பிறகு கன்னியப்பன் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு தட்டு வைத்திருந்தார்கள். கூப்பிட்ட ஆள் வராமல் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது நயினாருக்குப் பழக்கமில்லை. தெருமுனை வரை வந்து வந்து பார்த்திருக்கிறார். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் சாப்பிட முடியாது. நண்பர் வராமல் படத்துக்கும் போகவில்லை. மறுநாள் காலை வரை பட்டினி.

மறுநாள் தபாலாபீஸ் வாசலில் அவரை நேருக்கு நேர் சந்தித்தேன். திரும்பிப் போக வழியில்லை.

"டீச்சரம்மா, நேத்து வூட்ல இன்னா சமையல்?"

"வெங்காயக் குழம்பு."

"அதான பாத்தேன்" என்றார். "எங்க வூட்ல கெடைக்காதது. அத வுட்டுட்டு எவன் படத்துக்கு வருவான்."

முகத்தில் கோபம் இல்லை. ஸ்டாம்பு வாங்க உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் என் கணவர் அவரைப் பார்த்து, "வந்துட்டியா? நேத்தே வந்தியாமே, ஏன் ஆள் அனுப்பல?" என்று கேட்டிருக்கிறார். "களப்பா இருந்துது, அனுப்பல" என்று சொல்லிவிட்டார். கன்னியப்பனையும் என் கணவரிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று முதல் அவர் மேல் எனக்குப் பொறாமை இரண்டு மடங்கானது. என் கணவரை என்னைவிட நன்றாகச் சிரிக்கவைத்தார் என்பது போக, என்னைவிட நல்லவராகவும் இருந்தார்.

இதை நான் கடைசிவரை சொல்லாமலே இருந்திருப்பேன். போன வாரம் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, பழைய படம் ஒன்றுக்கு நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். என் கணவர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதே கிணற்றுப் படம்.

"அவன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவான்" என்றார். "இந்த ஒரு படத்துக்கு மட்டும் என்ன வுட்டுட்டான். வந்திருந்தும் கூப்புடல. களப்பாம். நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லாமலே போயிட்டான்."

நான்கு வருஷமாக அவருக்குள் இது இருந்திருக்கிறது. நான் போட்ட முடிச்சு, இறந்தவர் மேல் குற்றமாக நின்றது. இப்போது பேசாமல் இருந்தால் அந்தக் குற்றம் அவிழவே அவிழாது.

"அவர் கூப்பிட்டார்" என்றேன். "கன்னியப்பன் வந்து சொன்னான். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை." பட்டினி கிடந்ததையும் சொன்னேன்.

அவர் நோட்டீஸை நான்காக மடித்தார். "நீ சொல்லலன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மறுநாளேவா?"

"மறுநாளே."

வெளியே போய் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நயினாரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து நல்லதாக ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, என் தவறைத் தெரிந்துகொண்டு அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட அந்த 'களப்பா இருந்துது'. மற்றொன்று, குறையாத இந்தப் பொறாமை. இறந்தவர் மேல் வைத்திருக்கக் கூடாதது என்று தெரிந்தும் வைத்திருக்கிறேன்.

நான் உண்மையைச் சொன்னதற்கு மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதி முடிக்கிறேன். என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும், "சீக்கிரம் பொறப்படு, படத்துக்குப் போலாம்" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறை. நல்ல புடவை கட்டிக்கொண்டு அவரோடு நடந்து போனேன். எங்கள் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டுக்கும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று தனித்தனி. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். விளக்கை அணைப்பதற்கு முன் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தது. அதன் மேல் தன் துண்டை விரித்திருந்தார். ஒருவர் வந்து உட்காரப் போனபோது கையால் தடுத்து, "ஆள் வராரு" என்றார்.

கிணற்றுக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. படம் முடியும்வரை அந்தத் துண்டை அவர் எடுக்கவில்லை.