ஆடு தின்ற இறக்கை

மகள் செய்திருந்த குட்டி விமானத்தைப் பார்க்கக் கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போயிருந்தேன். பட்டறையை ஒட்டிய விடுதியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி வாசனை என்னை ராஜபாளையம் மொட்டைமாடிக்கே கொண்டுபோய்விட்டது.

பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டிய அப்பா, எனக்காக மூங்கில் குச்சியில் விமானம் கட்டுவார். இறக்கைக்குத் தறியில் மிஞ்சிய துணி. அது விறைக்க அம்மாவின் வடிகஞ்சி. முன்னாலிருக்கும் விசிறியைச் சுழற்ற முறுக்கிய ரப்பர். நாலடி போவதற்குள் தலைகுப்புற விழும்.

ஒருநாள் காயவைத்த இறக்கையின் பின்பாதியை, கஞ்சி ருசிக்கு, எங்கள் வெள்ளாடு நீளவாக்கில் தின்றுவிட்டது. நீளம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் பாதியாகிவிட்டது. நான் அழுதேன்.

“இருக்கத வச்சு விட்டுப் பாப்பம்ட்டி” என்று அப்பா துருத்திய குச்சிகளை நறுக்கினார்.

விமானம் தெருவையே தாண்டி, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த மிளகாய் மேல் இறங்கியது. ஆட்டை அடிக்கக் கம்பெடுத்த அம்மா, அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ஆட்டுக்கு இன்னுங் கொஞ்சம் கஞ்சி ஊத்து” என்றார் அப்பா.

மகள் தன் விமானத்தின் இறக்கையைத் தடவிக் காட்டினாள். “எஞ்சின் இல்லாம மிதக்குற கிளைடரோட இறக்கை மாதிரிம்மா. நீளமா, ஒடுக்கமா இருந்தா சின்ன மோட்டாரே போதும். புது டிசைன்.”

“எங்க வீட்டு ஆடு அப்பவே செஞ்சிருச்சு” என்றேன்.