ஏறிக்கொண்டே போன தாழ்ப்பாள்

பழுதான பூட்டைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு, உனக்கு என்னதான் பிரச்சினை?" என்கிறார் சாவிக்கடைக்காரர். எதிரே நிற்பவர் தன்னைக் கேட்பதாக நினைத்து, "வீட்டுக்குள்ள போக முடியல சார்" என்று மெல்லச் சொல்கிறார். "உங்கள இல்ல. இதக் கேட்டேன்." சாவியை ஒரு நூலளவு திருப்புகிறார். உள்ளே ஏதோ நகர்ந்து விழும் சத்தம் அவருக்கு மட்டும் கேட்கிறது. முகம் மலர்கிறது.

அலமாரி அகலத்தில் ஒரு கடை. அவருடைய முன்கை ரோமத்தில் எப்போதும் பித்தளைத் தூள் மினுங்கும். ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் காண அவருக்கு வராது. சாவியை வைத்துத்தான் காண்பார். நான் எதிர்த் தையற்கடையில் பொத்தான் தைக்கிறவள். ஒன்பது வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து யாரோ என்று விழித்தார். எனக்குக் கூச்ச சுபாவம். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினேன். "அட, நம்ம வளஞ்ச பல்லு தங்கச்சி!" என்றார் உரக்க. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு மரக்கதவு. மனைவி பஸ்ஸில் கண்டக்டர்; குள்ளமான உருவம், பெரிய குரல். வீட்டிலும் "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குல்ல" என்றுதான் பேசுவார். கடையின் நெற்றியில் ஒரு பலகை தொங்குகிறது. 'நம் கையால் மாட்டிய பூட்டு தானாகத் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.' அந்த வாக்கியத்தை அவரே யோசித்து எழுதினார். எந்த வேலை முடிந்தாலும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு அதே வாக்கியத்தை வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

போன மழைக்காலத்தில் நாய்க் காப்பகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஒரு நாய் தினமும் கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறதாம். போய்ப் புதுக் கொக்கி மாட்டினார். மூன்று முறை இழுத்தார். சரித்திரம் இல்லை என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாய் மூக்கால் கொக்கியை நிமிண்டித் திறந்து, வெளியே வந்து, அவர் கையில் இருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஒன்றரை வயதுப் பெட்டை. தவிட்டு நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும்.

"மூணு வீட்டுல குடுத்தோம், மூணு வீட்டுலயும் திருப்பி விட்டுட்டாங்கண்ணே" என்றாராம் காப்பகத்து மேடம். "நாலாவது தடவையும் திரும்பி வந்தா அப்புறம் யாருக்கும் தத்துக் குடுக்க மாட்டோம். பின்வரிசைக் கூண்டுதான், கடைசி வரைக்கும்."

"ரெண்டு மாசம் எங்கிட்ட விடுங்க, பழக்கித் தர்றேன். வளக்கறதுக்கு இல்ல, சொல்லிட்டேன். பழக்கறதுக்குத்தான்."

ஸ்பிரிங் என்று பெயர் வைத்தார். பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கையை விட்டால் எங்கே போய் விழும் என்று தெரியாது; இதுவும் அப்படித்தான். முதல் நாளே நாலு டப்பா சாவிகளை ஒன்றாகக் கலந்துவிட்டது. இரண்டாம் நாள் மரக்கதவின் தாழ்ப்பாளைத் தள்ளி வீட்டுக்குள் போய், கண்டக்டரம்மாவின் சீருடைச் சட்டையோடு தெருவுக்கு வந்தது. அவர் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு சாண் மேலே மாட்டினார். அது எம்பித் திறந்தது. இன்னும் ஒரு சாண். முக்காலியில் ஏறித் திறந்தது. மூன்றே வாரத்தில் கதவில் எட்டு இடத்தில் திருகாணி ஓட்டைகள் ஏணிப்படி போல மேலேறிப் போயின. தாழ்ப்பாள் உச்சிக்குப் போய்விட்டது. முக்காலியைத் தூக்கி என் கடையில் வைத்தார்கள். வேலை முடிந்து வரும் கண்டக்டரம்மா தினமும் அதை வாங்கிப் போட்டு ஏற வேண்டும்.

"எங்க வீட்டுக்குள்ள போறதுக்கு நானே படியேறணுமா? நாய உள்ள விட்டுட்டு என்ன வெளிய பூட்டுங்க. சுலபமா இருக்கும்."

"சும்மா இரு. யோசிச்சிட்டிருக்கேன்."

யோசித்துத்தான் கண்டுபிடித்தார். ஓடவிட்டாலும் களைக்காத நாய், தாழ்ப்பாளைத் திறந்த பிறகு மட்டும் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்தது. "இவளுக்கு வால் முறுக்கல தங்கச்சி, மூளை முறுக்குது. அதுக்குத்தான் வேலை குடுக்கணும்" என்று தெருவைத் தாண்டி என்னிடம் சொன்னார். ஒரு பழைய பலகையில் தன்னிடம் இருந்த கொக்கி, கொண்டி, தாழ்ப்பாள் என்று பத்துச் சின்னக் கதவுகளைப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்கட் துண்டு. காலையில் அதை முன்னால் வைத்தால் ஸ்பிரிங் காதை நிமிர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் ஒரு பூட்டும் அது ஒரு பூட்டுமாகத் திறப்பார்கள். பத்தும் முடிந்ததும் சாவி வெட்டும் மெஷினுக்கடியில் போய்ப் படுத்துவிடும். மெஷின் கீச்சிடும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். அது குறட்டை விடும். இரண்டாவது மாதம் கண்டக்டரம்மா ஒரு விசிலடித்தால் நின்றது. இரண்டு விசிலுக்கு நடந்தது.

சொன்னபடி ஒப்படைக்கும் நாள் வந்தது. நாலு தெரு தள்ளி ஒரு கார் ஓட்டக் கற்றுத்தருபவர் தத்தெடுக்க முன்வந்தார். பெரிய முற்றம், உயரமான சுவர். கேட்டுக்கு நானே தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்று சாவிக்கடைக்காரர் முந்தின நாள் போய் மாட்டினார். மூன்று முறை இழுத்தார். தன் வாக்கியத்தையும் சொன்னார். மறுநாள் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு வந்து, சாவியே மாட்டாமல் மெஷினை வெகு நேரம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நூலைக் கடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தெருக்கோடியில் ஒரு காது நிமிர்ந்து வந்தது. ஆளையும் வண்டியையும் விலக்கி, நேராகக் கடைக்குள் ஏறி, மெஷினுக்கடியில் போய்ச் சுருண்டது. அவர் கையில் இருந்த பூட்டு கீழே விழுந்தது. சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. நாலாவது தடவை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் கார்க்காரர் வந்தார். பின்னாலேயே காப்பகத்து மேடம், கையில் படிவத்தோடு.

"உங்க பூட்டு மேல குறை சொல்ல முடியாதுண்ணே, உங்க வேலை ஊருக்கே தெரியும். நாய்தான் சரியில்ல. சுவரேறிக் குதிச்சிருக்கு" என்றார் கார்க்காரர்.

அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அவர் பலகைக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குதிக்கல சார். கேட்டத் திறந்துட்டுத்தான் வந்திருப்பா." உள்ளே போய்ப் பத்துக் கதவுப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். ஏழாவது தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினார். "உங்க கேட்டுல நான் மாட்டினது இதே சாமான். கை பழக்கத்துல எடுத்து மாட்டிட்டேன். இத நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

டீக்கடையில் யாரோ, "அண்ணே, சரித்திரம் நாலு காலுல நடந்து வந்திருச்சு!" என்றார். தெருவே சிரித்தது. அவர் காது சிவந்தது.

மேடம் படிவத்தை விரித்தார். திருப்பித் தரும் காரணம் என்ற இடத்தில் பழைய மூன்று கையெழுத்துகள். 'அடங்காது.' 'நிற்காது.' 'முடியவில்லை.' சாவிக்கடைக்காரர் பேனாவை வாங்கி, நாலாவது வரியில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். 'பூட்டு மாட்டியவர் தவறு. நாய் மேல் குற்றம் இல்லை.' கீழே கடை முத்திரையையும் குத்தினார்.

மேடம் அதை இரண்டு முறை படித்தார். "அப்ப இத நாலாவதுன்னு எழுத மாட்டேன்" என்றார்.

கார்க்காரர் நல்ல மனிதர். "அதுதான் விஷயம்னா வேற பூட்டு போட்டுக் குடுங்க. நான் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்."

"போடலாம்" என்றார். அவரால் முடியும். ஸ்பிரிங்கால் ஏழு ஜென்மத்துக்கும் திறக்க முடியாத பூட்டு அவரிடம் உண்டு. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. அப்போதுதான் முதல் நடை முடிந்து வந்த கண்டக்டரம்மா, பையைக்கூட இறக்காமல் கேட்டார்: "போடலாம்னா போய்ப் போடுங்களேன். ஏன் கதவப் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"இவளுக்குத் திறக்கறதுக்குன்னு ஒரு கதவு வேணும்மா." பிறகு கார்க்காரரைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க சார். அது உங்க கேட்டு இல்ல. எங்க வீட்டுக் கதவு."

"வளக்கறதுக்கு இல்லன்னீங்களே?" என்றார் மேடம், படிவத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டியபடியே.

"அது அன்னிக்கு."

"எனக்கு பிரேக் புடிக்கிற நாயா ஒண்ணு பாருங்க மேடம்" என்று கார்க்காரர் சிரித்தார். கண்டக்டரம்மா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். மெஷினுக்கடியிலிருந்து ஸ்பிரிங் துள்ளி எழுந்து வந்தது. "உள்ள ஏறு. நிரந்தரப் பாஸ்" என்றார். டீக்கடையில் கைதட்டினார்கள். நானும் ஊசியை வைத்துவிட்டுத் தட்டினேன். எனக்கே வியப்பாக இருந்தது.

சாயங்காலம் கடையில் சாவி வெட்ட மூன்று பேர் நின்றார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் வந்து முக்காலியை வாங்கிப் போய், உச்சியிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிங்கின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையால் அளந்தார். எட்டு ஓட்டைகளுக்கும் கீழே புதிதாகத் துளை போட்டுத் தாழ்ப்பாளை முடுக்கினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு திறந்தது. இழுத்துப் பார்க்கவில்லை. மறுபடி தாழிட்டுவிட்டு, கதவை விட்டு ஒதுங்கி நின்றார்.