கங்காணி மீசையில் ஏறிய அட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன், பிழை வரும். முன்னுக்கு நின்று பேச வராது. நாலு பேர் பார்த்தால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நிற்பேன். அப்படிப்பட்ட நான், சண்டைக் காலத்தில், கொட்டாஞ்சேனைத் தெருவில், பட்டப்பகலில், மதிலோரம் நின்று வாய்விட்டுத் தமிழில் பாடினேன் என்றால் என் மருமகள் நம்புகிறாள் இல்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் எனக்குச் சமையல் வேலை. வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் தங்குகிற இடம். நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அதை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டால் புத்தளம் பக்கம் என்பேன். 'தோட்டக்காட்டாள்' என்று தெரிந்தால் என் கையால் தேத்தண்ணீர் வாங்கும் முகங்கள் மாறிவிடும் என்று பயம். வாயில் வருகிற 'ஆமா'வை விழுங்கி 'ஓம்' என்று சொல்லப் பழகியிருந்தேன்.

லொட்ஜில் தங்கியிருந்த ஒரு அக்கா ஆர்மோனியம் வாசிப்பா. கனடாவில் இருக்கும் மகனிடம் போக ஒன்றரை வருடமாகக் காத்திருந்தவ. தேங்காய் துருவும்போது நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, குரல் இருக்கிறது, என்னோடு வா என்று கூட்டிக்கொண்டு போனா. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு வயோதிபர் இல்லத்துக்குப் போவோம். நீண்ட மண்டபம். இரண்டு பக்கமும் கட்டில்கள். எழும்ப ஏலாதவர்கள்தான் அதிகம். அக்கா நடுவில் இருந்து வாசித்துப் பாடுவா. நான் பின்னுக்கு ஒதுங்கி இருந்து கைத்தாளம் தட்டி, அவவின் குரலுக்குக் கீழே மறைந்துகொண்டு பாடுவேன். அந்த ஒளிப்பிடம் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அக்காவுக்கு விசா வந்தது. கைத்தாளத்தை என்னிடம் தந்து, ஞாயிறு போகாமல் விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனா. எனக்குத் தனியப் போக நடுக்கம். ஆனால் அந்த மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்களை எனக்குத் தெரியும். போனேன்.

புறக்கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சீலையில் சுற்றியிருந்த கைத்தாளத்தை ஒரு ஆமிக்காரன் அவிழ்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். நோயாளிகளுக்குப் பாட்டுப் பாடப் போகிறேன் என்றேன். அப்படியானால் இங்கே ஒன்று பாடு என்றான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். நான் ஒரு தடவை தாளத்தைத் தட்டிக் காட்டினேன், பாடவில்லை. நோயாளிகளுக்கு என்றுதானே சொன்னேன் என்று மெல்லச் சொன்னேன். அவன் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஏறச் சொன்னான். பஸ்ஸில் இருந்துதான் தாளத்தைத் திரும்பச் சீலையில் சுற்றினேன்.

இல்லத்தில் தனியே நின்றபோது எனக்குத் தலை முதல் கடைசி வரை தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. அக்கா தன் அறையில் அடிக்கடி பாடிப் பழகும் பதிகம். சாமிப் பாட்டு, அழகான இராகம். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். இரண்டாவது அடியிலேயே மண்டபம் முழுக்க இருமல் சத்தம்கூட நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினேன். கண்ணைத் திறந்தால், ஒரு கிழவி கும்பிட்டபடி அழுகிறா. ஒரு ஐயா கட்டிலில் எழும்பி இருந்து, எந்தக் கட்டில் காலியானது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

மூலைக் கட்டிலில் ஒரு ரீச்சர் இருந்தா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவ. கால் இரண்டும் வராது. நாக்கு மட்டும் நன்றாக வரும்.

"நான் இன்னும் சாகேல்லை," என்றா. "பக்கத்துக் கட்டில்காரியும் சாகேல்லை. ஆருக்குப் பிள்ளை சுண்ணம் இடிக்கிறாய்?"

அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பதிகம் செத்த வீட்டில், பிரேதத்துக்கு முன்னால் உரலில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. அக்காவைச் செத்த வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள், அதற்குத்தான் பழகியிருக்கிறா. எங்கள் தோட்டத்தில் சாவுக்குத் தப்பு அடிப்பார்கள், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். சாமிப் பாட்டைச் சாவுக்குப் பாடுவது எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிவிடலாம் என்று கைத்தாளத்தைச் சுற்றினேன். ரீச்சர் விடவில்லை. சாகக் கிடக்கிறவர்களைச் சாகடித்துவிட்டுப் போகிறதோ, வேறு ஒன்று பாடிவிட்டுப் போ என்றா. வேறு எனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்தது ஒன்று இருந்தது. என் அம்மாவும் அவளோடு மலையில் கொழுந்து பறித்தவர்களும், இரத்தம் குடிக்கிற அட்டையை வைத்துக் கட்டின பாட்டு. இருபத்தைந்து வருடமாக நான் வாய் திறந்து பாடாதது.

கோணத் தொப்பிக் கங்காணிக்கு
மீசையிலே அட்டை ஏறிருச்சாம்;
கொழுந்துக் கூடை குலுங்கக் குலுங்க
கும்பலா நாங்க சிரிச்சோமாம்.

நாலு அடி பாடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு செத்தவரைத் தேடிய ஐயா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, தாதி வந்து முதுகைத் தடவும் வரைக்கும் சிரித்தார்.

"தோட்டத்துப் பாட்டோ?" என்று ரீச்சர் கேட்டா.

ஆரோ பாடக் கேட்டது என்றேன். பொய். அவ என்னை உற்றுப் பார்த்தா. பாட்டில் ஒரு இலக்கணமும் இல்லை என்றா. பிறகு கேட்டா: "அந்த அட்டைக்கு என்ன நடந்தது?"

அதுதான் அந்தப் பாட்டின் விசேசம். அது முடியாது. மலையில் அட்டை கங்காணி மீசையிலிருந்து கணக்கப்பிள்ளை காதுக்குப் போகும், அங்கிருந்து துரையின் பூட்ஸுக்குள் போகும். யாரைப் பிடிக்காதோ அவர் மேல் ஏற்றிவிடுவார்கள். நேரே திட்ட வாயில்லாதவர்களுக்கு அது ஒரு வழி. நானும் ஞாயிறுக்கு ஞாயிறு அட்டையை நடத்தினேன். இடியப்பம் பிழியும்போது அடி கட்டுவேன். அட்டை ரயில் ஏறிக் கொழும்புக்கு வந்தது. பஸ்ஸில் இறக்கிச் சோதித்தார்கள். பையில் இல்லை, சோதித்தவன் சப்பாத்துக்குள் இருந்தது. ஒரு மாதம் போக, கட்டிலில் கிடந்தவர்களே சொல்லித் தரத் தொடங்கினார்கள். மருந்துக்காரனில் ஏற்று. கஞ்சியில் தண்ணீர் விடுகிறவனில் ஏற்று. தாளத்தை ஒருவர் மாறி ஒருவர் வாங்கித் தட்டினார்கள். எழும்பாதிருந்த ஒரு அம்மா தாளத்துக்காகத் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னா.

இல்லத்தை நடத்தும் கொமிட்டியில் ஒரு பெரிய ஐயா இருந்தார். எப்போதும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு ஞாயிறு ரீச்சர் தானே ஒரு அடி கட்டிச் சொன்னா. அட்டை வெள்ளைச் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. பாட்டில் ஐயா கூட்டத்தில் தலைமை வகித்தபடி நெளிந்தார். நான் அதைப் பாடி முடிக்கிற நேரம், மண்டபமே சிரிக்கிற நேரம், வாசலில் அவர் நின்றார்.

ஒன்றும் கத்தவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, பக்திப் பாட்டுக்குத்தான் அனுமதி என்றார். இது மதிப்பாக வாழ்ந்த மனிதர்கள் இருக்கிற இடம், தோட்டத்துக் கும்மி எல்லாம் சரிவராது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. எல்லா இடத்திலும் வந்துபோகிறவர்களைப் பதிய வேண்டும் என்று பொலிஸ் சொன்னது. ஐயா அதோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டார்: சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம். நான் போனபோது, பெயர் பதியும் கொப்பியோடு இருந்த வாசல் காவல்காரர் கையை விரித்தார். நல்ல மனிதர். "அக்கே, லொக்கு மாத்தயா வேணாம் சொன்னது," என்றார். பெரிய ஐயாவைத்தான் அப்படிச் சொன்னார். என்னைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பி பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் வரும். அன்றைக்கு அழுகை வரவில்லை. மண்டபத்து ஜன்னல்கள் தெருப் பக்கம் திறக்கும் என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மதிலோடு ஒட்டி நின்று, கைத்தாளத்தைச் சுற்றிய சீலையை அவிழ்த்தேன்.

முதல் அடி எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குண்டு வெடித்து ஐந்து நாள். தெருவில் தமிழ் கதைக்கவே குரலைத் தாழ்த்துகிற நேரம். ஒரு மனுசி, உனக்குப் பைத்தியமா, பிடித்துக்கொண்டு போவான்கள் என்று காதுக்குள் சொல்லிவிட்டு ஓடினா. பக்கத்தில் தெம்பிலி இளநீர் விற்றவர் தள்ளுவண்டியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு நிழல் விட்டார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளேயிருந்து கரண்டியால் கட்டிலில் தட்டுகிற சத்தம் கேட்டது. தாளம் பிசகித்தான் தட்டினார்கள்.

மூன்று ஞாயிறு அப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு ஐயா வந்துவிட்டார். லொட்ஜ் முதலாளி தனக்குத் தெரிந்தவர் என்றார். நீர் எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரித்து அவரிடம் சொல்ல எனக்கு ஒரு போன் போதும் என்றார். அந்த வேலை போனால் எனக்குப் படுக்க இடமில்லை. தாளத்தை இறக்கினேன்.

அந்த நேரம்தான் வாசலுக்குள் சில்லுக் கதிரை உருளுகிற சத்தம். ஒரு தாதி தள்ள, ரீச்சர் வந்தா. கட்டிலை விட்டு இறங்கி எத்தனையோ மாதமாம். சேலைக்கு மேலே துவாயைப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்தவ மாதிரி நிமிர்ந்து இருந்தா.

"கொப்பியைக் கொண்டா," என்றா காவல்காரரிடம். "என்னைப் பாக்க ஆள் வந்திருக்கு. என்ர தங்கச்சி எண்டு எழுது."

ஐயா சிரித்தார். "ரீச்சர், எனக்கு உங்கட குடும்பம் தெரியாதே?"

"ஆறு வருசமா இதிலை கிடக்கிறன். உங்களுக்குத் தெரிஞ்ச அந்தக் குடும்பத்திலை ஒருத்தர் வந்து பாத்தவையோ? என்ர சொந்தம் ஆரெண்டு நான் சொல்லாமல் நீங்களோ சொல்லுறது?"

காவல்காரர் ஒரு நிமிடம் ஐயாவைப் பார்த்தார், பிறகு பேனையை என்னிடம் நீட்டினார். பெயர், யாரைப் பார்க்க, என்ன உறவு, ஊர். முதல் மூன்றையும் கூட்டிக் கூட்டி எழுதினேன். ஊர் என்ற இடத்தில் பேனை நின்றது. புத்தளம் என்று எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த மனுசி ஊரறிய எனக்காகப் பொய் சொல்லிவிட்டு இருக்கிறா. அவவின் பொய்க்குப் பக்கத்தில் நான் இன்னொரு பொய்யை எழுத மாட்டேன் என்று மனம் சொல்லியது. தோட்டத்தின் பெயரை எழுதினேன், மேல் டிவிசன் என்றும் போட்டேன்.

ஐயா எட்டி வாசித்தார். "அக்கா யாழ்ப்பாணம், தங்கச்சி தோட்டமோ?"

"ஆமாங்க," என்றேன். "நான் தோட்டத்துல பொறந்தவதாங்க. அக்கா கூப்பிட்டாங்க, வந்திருக்கேன்."

தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. ஐயா கொப்பியை மூடினார், கிழிக்கவில்லை. நான் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தால் உள்ளே போனேன். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. சுருதி சேரவில்லை என்று ரீச்சர் இரண்டு தரம் நிறுத்தித் திருத்தினா. நான் அவ திருத்தினபடி பாடவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே முதலாளிக்குப் போன் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் லொட்ஜ் முழுக்கத் தெரிந்தது. முதலாளி அடுப்படி வாசலில் வந்து நின்று, சோற்றுப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். சமைக்க வேறு ஆள் இல்லை. மேல்மாடியில் இருந்த இரண்டு பேர் என் கையால் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லது என்று அவர்களுக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். அவர்கள் பஸ் ஓடுகிற காலி வீதிக் கடைக்கு வெயிலில் நடந்து போய்க் குடித்தார்கள். நான் அடுத்த ஞாயிறுக்கான அடியை வாய்விட்டுப் பாடிக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவினேன், மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரி.